தமிழ்த் திருச்சபைகளில் பாடலும் பாடகர் குழுவும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காப்பியங்களையும் சிற்றிலக்கியங்களையும் சார்ந்தே அமைந்துள்ளன. வீரமாமுனிவரின் தேம்பாவணியும் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் பெற்ற கவனத்தை, ஞாயிறுதோறும் தேவாலயங்களில் பாடப்பட்டுவந்த பாடல்கள் பெற்றதில்லை. ஏட்டைத் தொட்டறியாத உழவரும் மீனவரும் பனையேறிகளும் வாயாரச் சொன்ன கிறித்தவத் தமிழ் காப்பியத் தமிழன்று, பாடல் தமிழே. ஆகவே, திருச்சபையில் எவ்வகைப் பாடல் பாடப்பட்டது, எவரால் பாடப்பட்டது என்னும் வினாக்கள் இசை வரலாற்றுக்கு மட்டுமன்றித் தமிழ்ச் சமூக வரலாற்றுக்கும் உரியனவாகும்.

இப்பொருள் குறித்துப் பொதுவாக வழங்கும் கருத்து ஒன்றுண்டு. ஐரோப்பிய மெட்டுக்கும் தமிழிசைக்கும் இடையே நெடுங்காலம் போட்டி நிகழ்ந்தது; தொடக்கத்தில் மேலை மெட்டு ஆட்சி செய்தது; பின்னர்க் கீர்த்தனை தன் இடத்தை வென்றெடுத்தது என்பதே அக்கருத்து. இது பிழையன்று, எனினும் முழுமையானதும் அன்று. எந்த இசை என்னும் வினாவோடு, யார் பாடுவது, யாருடன் அமர்ந்து பாடுவது என்னும் இரு வினாக்களும் தொடக்க முதலே பிணைந்திருந்தன. அவ்விரண்டையும் விலக்கிவிட்டு இசையை மட்டும் நோக்கினால், வரலாற்றின் ஒரு பாதியே கிடைக்கும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலாக இப்பிணைப்பு எவ்வாறு இயங்கிவந்துள்ளது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். புராட்டஸ்டண்டுத் திருச்சபைகளின் வரலாறு இங்கு முதன்மையாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கத்தோலிக்க மரபும் பிறமொழித் திருச்சபைகளின் மரபும் ஒப்பீட்டிற்காகச் சுட்டப்படுகின்றன.

ஞானப்பாட்டு: மெட்டுக்கு இசைந்த தமிழ்

பார்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்ச்சோவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சபை முழுவதும் தன் தாய்மொழியில் பாட வேண்டும் என்பது லுத்தரின் சீர்திருத்தத்தில் மையமான கொள்கைகளுள் ஒன்று. சீகன்பால்க் பயின்ற ஹாலே நகரத்துப் பக்தி இயக்கமோ பாடலை வழிபாட்டின் உயிராகவே கருதியது. ஃபிரைலிங்ஹவுசன் 1704இல் அங்கு வெளியிட்ட பாடல் தொகுப்பு அவ்வியக்கத்தின் இசை முகம் எனலாம். எனவே தரங்கம்பாடியில் பள்ளியும் அச்சகமும் நிறுவப்பட்டபோது, மறைநூல் மொழிபெயர்ப்போடு பாடல் மொழிபெயர்ப்பும் உடன் தொடங்கிற்று. ஜெர்மானியப் பாடல்கள் அவற்றின் மெட்டுகளிலேயே பாடத்தக்கவாறு தமிழாக்கப்பட்டன. 'ஞானப்பாட்டு' என்னும் பெயர் இவ்வகைப் பாடலுக்கு நிலைத்தது.

பள்ளிப் பிள்ளைகளே முதற்பாடகர். அவர்கள் கற்ற பாடல் பெற்றோரிடமும் சபையாரிடமும் பரவியது. தமிழகத் திருச்சபையின் முதற்பாடகர் குழு என்று ஒன்றைக் குறிப்பிட வேண்டுமாயின், அது பலபகுதி இசை பயின்ற குழுவன்று. பள்ளிக்கூடத்துச் சிறுவர் கூட்டமே.

ஞானப்பாட்டைத் தமிழாக்கியோருள் தலைசிறந்தவர் யோவான் பிலிப்பு பப்ரிசியஸ் (1711-1791). மறைநூலை மொழிபெயர்த்தவரும் அகராதி தொகுத்தவருமாகிய அவர், 1740இல் இந்தியா வந்து, சென்னை வேப்பேரியில் நெடுங்காலம் பணியாற்றினார். தரங்கம்பாடி, தஞ்சை, திருச்சிராப்பள்ளிச் சபைகளில் அவருடைய பாடல்கள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாக வழங்கின.

ஞானப்பாட்டின் யாப்புச் சிக்கல் இங்கு எண்ணத்தக்கது. தமிழ் யாப்பு குறில், நெடில் என்னும் மாத்திரை வேறுபாட்டின்மீது எழுந்தது. ஜெர்மானிய மெட்டோ அழுத்த வேறுபாட்டின்மீது எழுந்தது. மெதுவான, ஏறத்தாழச் சம அளவுடைய சுரங்களில், அசைக்கொரு சுரமாக நடப்பது. இம்மெட்டில் தமிழ்ச் சொல்லை அமர்த்தும்போது குறிலும் நெடிலும் ஒரே நீளம் பெறுகின்றன. 'வரம்' என்பது 'வாரம்' என்றும், 'பலன்' என்பது 'பாலன்' என்றும், 'மனம்' என்பது 'மானம்' என்றும் செவியில் விழும் இடர்ப்பாடு இதனால் நேர்கிறது. அடிமுதல் எதுகையும் மோனையும் தமிழ்ச் செவிக்கு இன்பம் பயப்பன. ஜெர்மானியப் பாடலோ அடியிறுதி இயைபை வேண்டுவது. இவ்விரு முனையிலும் இழுக்கப்பட்ட மொழி சிலவிடங்களில் இறுகிப்போனதில் வியப்பில்லை.

எனினும், இம்மெட்டுக்கு ஓர் ஆற்றல் இருந்தது. அதைப் பாட வித்துவான் வேண்டியதில்லை. ஆலாபனையும் சங்கதியும் அறியாதவர், குரல்வளம் இல்லாதவர், கல்வி வாய்ப்பே மறுக்கப்பட்டவர் யாவரும் ஒரே மூச்சில் ஒரே சுரத்தில் பாடக்கூடிய எளிமை அதற்குண்டு. சொல் இறுகியது, பாடுவோர் வட்டம் விரிந்தது. இந்த ஈடுமாற்றத்தை மனத்திற்கொண்டே அடுத்த கட்டத்தை நோக்குதல் வேண்டும்.

வேதநாயக சாஸ்திரியாரும் கீர்த்தனை மரபும்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) திருநெல்வேலியில் பிறந்து, மிஷனரி சுவார்ட்சின் ஆதரவில் தஞ்சையில் வளர்ந்தவர். பின்னாளில் தஞ்சையின் அரசரான இரண்டாம் சரபோஜியும் அதே சுவார்ட்சின் பாதுகாப்பில் கல்வி பெற்றவர். அரசவையும் மிஷனும் அடுத்தடுத்து இருந்த தஞ்சைச் சூழலே சாஸ்திரியாரின் கலையை உருவாக்கிற்று. கர்நாடக இசை மும்மூர்த்திகள் வாழ்ந்த காலமும் காவிரி வட்டாரமும் அவருக்கும் உரியனவே.

பெத்லகேம் குறவஞ்சி, ஞானத்தச்ச நாடகம், சாஸ்திரக் கும்மி, பேரின்பக் காதல், ஜெபமாலை முதலான அவருடைய படைப்புகளில் குறவஞ்சி, கும்மி, நாடகம், பதம், கீர்த்தனை எனத் தமிழில் அன்று வழங்கிய இசை வடிவங்கள் பலவும் இடம்பெற்றன. குறவஞ்சியின் கட்டமைப்பிற்குள் கோப்பர்னிக்கசின் வானியலைப் புகுத்திய துணிவு அவருடையது. சென்னை வேப்பேரிச் சபையார் 1808இல் அவருக்குச் 'சுவிசேட கவிராயர்' எனப் பட்டம் வழங்கினர்.

சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளும் இராகதாளக் குறிப்பும் உடையன. அவை முதலில் கோயில் வழிபாட்டுக்கென இயற்றப்பட்டவை அல்ல. கவிராயர் தம் மாணாக்கருடனும் குடும்பத்தாருடனும் இல்லங்களிலும் அவைகளிலும் நிகழ்த்திய கதாகாலட்சேப வகைச் சார்ந்த நிகழ்வுகளே அவற்றின் முதற்களம். அங்கே பாடுவோர் பயின்றவர், ஏனையோர் கேட்போர். அதாவது, ஞானப்பாட்டில் இல்லாத கலைச்செறிவு இங்கு வந்தது. ஞானப்பாட்டில் இருந்த பொதுமை இங்குக் குறைந்தது. இக்கீர்த்தனைகள் வழிபாட்டினுள் புகுந்தபோதே பிணக்கு எழுந்தது.

தஞ்சைப் பிணக்கும் நான்கு முறையீடுகளும்

1820களில் தஞ்சை மிஷனின் நிருவாகம் பழைய லுத்தரன் கைகளிலிருந்து ஆங்கிலிக்கன் சங்கத்தின் பொறுப்பிற்கு மாறியது. புதிதாய் வந்த மிஷனரிகள் பழைய நடைமுறைகள் பலவற்றை மாற்ற முற்பட்டனர். இதனை எதிர்த்துத் தஞ்சை வேளாளக் கிறித்தவர் சார்பில் 1829ஐ ஒட்டிச் சாஸ்திரியார் எழுதியவற்றில் நான்கு கொடுமைகள் பட்டியலிடப்படுகின்றன. பப்ரிசியசின் மறைநூல் மொழிபெயர்ப்பை நீக்கிப் புதிய திருத்தத்தைப் புகுத்தியது ஒன்று. பல சாதியாரையும் ஒன்றாக அமரச் செய்து கலக்க முற்பட்டது மற்றொன்று. திருமணம் முதலிய நிகழ்வுகளில் மலர்களை விலக்கியது பிறிதொன்று. கோயிலில் தமிழ்ப் பாடல்களைப் பாடுவதைத் தடுத்தது நான்காவது.

தமிழ்க் கிறித்தவ இசை பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் நான்காம் முறையீட்டை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. சாதி பற்றிய ஆய்வுகளோ இரண்டாம் முறையீட்டை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. ஒருவர் சாஸ்திரியாரைத் தமிழிசைக் காவலராகக் காண்கிறார். மற்றவர் சாதிக் காவலராகக் காண்கிறார். ஆனால் மூல எழுத்தில் இரண்டும் ஒரே பட்டியலின் இரு வரிசைகளாக நிற்கின்றன. எழுதியவர் நோக்கில் மொழிபெயர்ப்பும் இருக்கையும் மலரும் பாடலும் ஒரே வாழ்க்கைமுறையின் உறுப்புகள். முன்னோர் வழங்கியதும், சுவார்ட்ச் காலத்து மிஷனரிகள் இடங்கொடுத்ததுமான அவ்வாழ்க்கைமுறையைப் புதியவர் சிதைக்கின்றனர் என்பதே அவருடைய வாதம்.

எதிர்த்தரப்பிலும் இதே பிணைப்பைக் காணலாம். புதிய மிஷனரிகளுக்குச் சமபந்தி இருக்கை நற்செய்தியின் இன்றியமையாத விளைவு. அதே வேளையில் தமிழ் மெட்டோ ஆலயத்திற்கு ஒவ்வாத ஆடலரங்கின் எச்சம். தஞ்சையில் குறவஞ்சி தேவதாசியர் ஆடிய அரங்கக் கலையாயிருந்தது. அவ்வடிவத்தின் இசையைக் கேட்ட ஐரோப்பியர் அதன் பொருளைக் காட்டிலும் அதன் களத்தையே நினைந்தனர். சாதியை எதிர்த்தவர் தமிழிசையை இழிவாகக் கருதினர். தமிழிசையைக் காத்தவர் சாதியைக் காத்தனர். இரு தரப்பினருள் எவரையும் முழுமையாக ஏற்கவியலாத நிலைக்கு இன்றைய வாசகர் தள்ளப்படுகிறார்.

ஒருங்கே அமர்ந்து வழிபட மறுக்கப்பட்டவர்களின் குரல் இப்பிணக்கின் ஆவணங்களில் நேரடியாகக் கேட்பதில்லை என்பது முதன்மையாகக் கருதத்தக்கது. எந்தப் பாடலைப் பாடுவது என்று வேளாளக் கவிஞரும் ஐரோப்பிய குருவும் வாதிட்டபோது, மறுபுறத்து இருக்கையில் இருந்தோரிடம் எவரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் திருச்சபையில் சாதி வேறுபாடு உடனடியாகவும் இறுதியாகவும் கைவிடப்பட வேண்டுமெனச் சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். பிற்காலத்தில் சாதி வழக்கத்தில் நெகிழ்வு காட்டிய லைப்சிக் லுத்தரன் மிஷனை நோக்கிப் பலர் சென்றனர்.

மதுரைத் தொகுப்பு, 1853

கீர்த்தனை பொது வழிபாட்டின் உடைமையானது தஞ்சையில் அன்று, மதுரையில். 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், சாதி குறித்து மிகக் கடுமையான நிலைப்பாடு கொண்டது. 1847இல் அது, யாவரும் சேர்ந்துண்ணும் அன்பின் விருந்தில் பங்கேற்பதையே சாதியைக் கைவிட்டமைக்குச் சான்றாகக் கொண்டது. மறுத்தோர் பலர் பணியையும் சபை உறுப்புரிமையையும் இழந்தனர். சென்னை மிஷனரி மாநாடு 1850இல் ஏறத்தாழ இதே நிலைப்பாட்டை மேற்கொண்டது.

இதே மதுரை மிஷனைச் சார்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளைப் பொது வழிபாட்டுக்கென ஒரு தொகுப்பாக வெளியிட்டார். அத்தொகுப்பில் முதன்மையிடம் பெற்றவை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களே. கவிஞர் அப்போது உயிருடன் இருந்தார். அகவை எண்பதை நெருங்கியிருந்தது. சேர்ந்துண்ண மறுப்போரைச் சபையினின்று நீக்கிய மிஷன், சேர்ந்து அமர்தலைக் கொடுமையெனக் குறித்த கவிஞரின் பாடலை ஏற்று, எல்லாச் சாதியாரும் பாடும் பாடலாக்கியது. கீர்த்தனை அதனை இயற்றியவரின் சமூக நிலைப்பாட்டிலிருந்து பிரிந்து தனிவாழ்வு பெற்றது இத்தருணத்திலேதான். தமிழ்த் திருச்சபை இசை வரலாற்றின் திருப்புமுனை என 1853ஐக் குறிப்பதற்கு, ஒரு நூல் அச்சேறியதைக் காட்டிலும் இதுவே வலுவான காரணமாகும்.

இவ்வாறு சபைக்கு வந்த கீர்த்தனை இசையிலும் மாறுதல் அடைந்தது. சரணத்தைத் தலைமைப் பாடகரோ உபதேசியாரோ எடுக்க, பல்லவியைச் சபையார் திரும்பப் பாடும் வழக்கம் பரவியது. கமகங்கள் குறைந்தன, தாளம் நேரானது, அடுக்கடுக்கான சங்கதிகள் கழிந்து ஒரே வடிவம் நிலைத்தது. இசைப் புலவர் இதனைத் தேய்வு எனக் கருதலாம். ஆனால் பயின்றவர் பாடக் கேட்டிருந்த கூட்டம், தானே பாடும் சபையாக மாறியதன் விலை இதுவே. கலைச்செறிவுக்கும் பொதுமைக்கும் இடையே ஞானப்பாட்டில் கண்ட ஈடுமாற்றம், இப்போது தமிழிசையின் உள்ளேயே நிகழ்ந்தது.

இத்தகைய இயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் புருஷோத்தம சௌதரி (1803-1890) இயற்றிய கீர்த்தனைகளும், மராத்தியில் நாராயண வாமன திலகர் (1861-1919) அபங்க, பஜனை மரபில் இயற்றிய பாடல்களும் இவ்வாறே சபைப் பாடல்களாயின. தமிழும் மலையாளமும் கலந்து வழங்கிய தென்திருவிதாங்கூரில், நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சார்ந்த மோசவத்சலம் சாஸ்திரிகள் (1847-1916) தமிழ்க் கீர்த்தனை மரபை உள்வாங்கி மலையாளக் கிறித்தவக் கீர்த்தனைகளை இயற்றினார். தஞ்சை மரபு மொழியெல்லையைக் கடந்து வளர்ந்தமைக்கு இது தக்க சான்றாகும்.

பாடகர் குழுவின் தோற்றமும் இயல்பும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயத் திருச்சபைகளின் வழக்கம் தமிழகத்திலும் வேரூன்றியது. பீடத்தருகே தனி இருக்கையும் தனி அங்கியும் உடைய பாடகர் குழுக்கள் நகரத்து ஆலயங்களில் தோன்றின. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்னும் நான்கு பகுதிகளில் பாடும் முறை, விடுதிப் பள்ளிகள், ஆசிரியப் பயிற்சி நிறுவனங்கள் ஆகியவற்றின் வாயிலாகப் பரவிற்று. 1893இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் மேலைப் பாடகர் குழு இசையைச் சென்னையில் வளர்த்தது.

இப்பரவலுக்குப் பெரிதும் துணைநின்றது ஜான் கர்வென் இங்கிலாந்தில் பரப்பிய டானிக் சோல்ஃபா முறை. ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பைக் கற்க நெடுங்காலம் வேண்டும். சோல்ஃபாவோ எழுத்துகளாலேயே சுரத்தைக் குறிப்பது. அச்சிடச் செலவும் குறைவு. அம்முறையில் அடிப்படைச் சுரம் எந்தச் சுருதியிலும் அமையலாம். ச ரி க ம ப த நி என்னும் நம் சுர முறையும் ஆதார சுருதியைச் சார்ந்து நகர்வதே. ஆகவே அம்முறை தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றவில்லை எனலாம்.

பாடகர் குழு சமூக நோக்கில் இருமுகம் கொண்டது. ஒருபுறம் அது கல்விக்கூடமாய் அமைந்தது. நல்ல குடும்பத்துப் பெண் பலர் முன்னிலையில் பாடுவது தகாதெனக் கருதப்பட்ட காலத்தில், பெண்கள் ஆடவரோடு ஒரே அரங்கில் நின்று பாடிய முதற்களங்களுள் ஒன்று திருச்சபைப் பாடகர் குழுவாகும். ஊர்விட்டு ஊர் சென்ற ஆசிரியரும் செவிலியரும் தங்கள் குழுப்பயிற்சியையும் உடன் கொண்டு சென்றனர். மார்கழியின் கேரல் பவனி, உயிர்ப்பு விழா, திருமணம், அடக்க ஆராதனை என ஊரின் இன்பதுன்பம் யாவற்றிலும் குழு உடனிருந்தது.

மறுபுறம், பாடகர் குழு பாடும் உரிமையைச் சிலரிடம் ஒப்படைத்தது. நான்கு பகுதி இசைக்கு ஒத்திகை வேண்டும். ஒத்திகைக்கு ஓய்வு வேண்டும். சோல்ஃபா படிக்கக் கல்வி வேண்டும். இவை மூன்றும் வாய்த்தவர் எல்லாச் சமூகத்திலும் சம அளவில் இல்லை. கற்றறிந்த குடும்பங்கள் குழுவில் இடம்பெற, வயல்வேலை முடித்து வந்தோர் பின்னிருக்கையில் கேட்போராயினர். பெயரளவில் நீங்கிய இருக்கை வேறுபாடு, பாடுவோர் கேட்போர் என்னும் வேறுபாடாக உருமாறிய இடங்களும் உண்டு.

கீர்த்தனையை மீண்டும் அதன் கலைமுழுமையில் நிலைநிறுத்த முயன்றோர் இக்காலத்திலேயே எழுந்தனர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். 1916இல் பரோடா இசை மாநாட்டில் தம் சுருதிக் கொள்கையை முன்வைத்தார். அங்கு அதனைப் பாடியும் இசைத்தும் மெய்ப்பித்தோர் அவருடைய மகள்களே. 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். கிறித்தவக் கீர்த்தனைகளையும் இயற்றிய அவர், சிலப்பதிகாரத்தின் இசைக்குறிப்புகளை ஆராய்ந்து பண்டைத் தமிழிசையின் தொன்மையை நிறுவ முயன்றார். கோயிலில் தமிழ்ப் பாட்டு கூடாதென்ற பிணக்கு எழுந்த அதே தஞ்சையில், ஒரு நூற்றாண்டுக்குள் கிறித்தவர் ஒருவர் தமிழிசை இயக்கத்தின் முன்னோடியானது கருதத்தக்கது. 1921இல் இந்திய இசை பற்றிய நூலை வெளியிட்ட எச்.ஏ. பாப்லி என்னும் மிஷனரியும் கிறித்தவக் காலட்சேபத்தையும் தமிழ்க் கீர்த்தனைப் பயிற்சியையும் ஊக்குவித்தார்.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபுகளின் பாடல்களும் ஒன்றுகூடின. இன்றும் அத்திருச்சபையின் தமிழ் ஆராதனையில் மேலை மெட்டில் அமைந்த பாமாலையும் தமிழ் மெட்டில் அமைந்த கீர்த்தனையும் ஒரே மணிநேரத்தில் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. போட்டி எனக் கூறப்பட்டது நடைமுறையில் உடனுறைவாகவே முடிந்துள்ளது.

கத்தோலிக்க மரபு: ஓர் ஒப்பீடு

கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைமை வேறு. திருப்பலி இலத்தீனில் நிகழ்ந்தமையால், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தமிழ்ப் பாடலின் களம் பெரும்பாலும் பீடத்துக்கு வெளியே அமைந்தது. தேர்ப்பவனி, தவக்காலப் புலம்பல், பாஸ்கா நாடகம், அம்மானை, கும்மி ஆகியவற்றில் அது செழித்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826-1889) சர்வ சமய சமரசக் கீர்த்தனை சமய எல்லையைக் கடந்து இசையரங்குகளிலும் இடம்பெற்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட வழிபாட்டு ஏடு, வட்டார மொழிக்கும் மக்கள் இசைக்கும் வாயில் திறந்தது. தமிழரான து.ச. அமலோர்பவதாஸ் 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய நடுவம், இந்திய வழிபாட்டு முறைகளின் ஆய்வுக்களமாக விளங்கியது.

எனினும் மொழி திறந்த வாயில் யாவரையும் உள்ளே கொணர்ந்துவிடவில்லை. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம் இரு சாதியார் தனித்தனியே அமர்வதற்காக இரு கூடங்களாகக் கட்டப்பட்டது. இடைச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. எந்த மொழியில் பாடுவது என்ற வினாவுக்குச் சங்கம் விடையளித்தது. யாருடன் பாடுவது என்ற வினாவுக்கு ஊரே விடையளிக்க வேண்டியிருந்தது.

பறையும் ஒரே உலையும்

தமிழிசை என்றால் கர்நாடக இசையா என்னும் வினாவைத் திருச்சபைக்குள் வலுவாக எழுப்பியவர் ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940-2005). மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அவர், 'பரட்டை' என்னும் பெயரால் மக்களிடையே அறியப்பட்டார். மேலைப் பாமாலை, கர்நாடகக் கீர்த்தனை ஆகிய இரண்டுமே வசதியும் பயிற்சியும் உடையோரின் இசை என்பது அவர் கருத்து. நாட்டுப்புற இசைக்கு நூலும் ஆர்கனும் வேண்டா. பாடுவோர் தாமே சொல்லை மாற்றலாம், சேர்க்கலாம். ஒருவர் எடுக்க ஊரே தொடரலாம். எனவே ஒடுக்கப்பட்டோரின் இறையியலைச் சுமக்கும் தகுதி அதற்கே உண்டென அவர் வாதிட்டார். கிராமிய இசையில் முழு வழிபாட்டு முறையொன்றையும் அமைத்தார்.

இங்கு இசைக்கருவியும் பொருள் பெறுகிறது. பறை சாவோடும் தீண்டாமையோடும் தொடர்புபடுத்தப்பட்ட கருவி. தமிழ்க் கிறித்தவருள் கணிசமானோர் தலித்துகளாயிருந்தும், அவர்களுடைய கருவி ஆலயத்தின் வாயிலைக் கடக்க நெடுங்காலம் ஆயிற்று. வீணையும் வயலினும் ஹார்மோனியமும் இடர்ப்பாடின்றி உள்ளே வந்தன. கட்டாயப் பறையடிப்பின் இழிவிலிருந்து விடுபட விரும்பிய தலித் கிறித்தவருள் சிலரே அதனைத் தயக்கத்தோடு நோக்கினர் என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும். மிசோரத்திலும் மரபு முரசு தொடக்கத்தில் ஆலயத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டது; 20ஆம் நூற்றாண்டின் எழுச்சிக் கூட்டங்களின் வழியே உட்புகுந்து, இன்று அத்திருச்சபைப் பாடலின் அடையாளமாக விளங்குகிறது.

அப்பாவுவின் இறையியலில் மையமான உருவகம் 'ஒரு உலை' என்பது. தனித்தனி அடுப்பில் சமைத்து உண்பதை விடுத்து, ஒரே உலையில் பொங்கி யாவரும் பகிர்ந்துண்பதே இறையாட்சியின் அடையாளம் என்பது அதன் பொருள். 1847இல் அதே மதுரையில் சேர்ந்துண்ணல் மிஷனரிகள் வைத்த சோதனையாயிருந்தது, மேலிருந்து விதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் அதே சேர்ந்துண்ணல், விலக்கப்பட்டோர் தாமே எடுத்துப் பாடும் பாடலின் பொருளாயிற்று. தஞ்சை ஆவணங்களில் கேளாதிருந்த குரல் இங்குப் பாடலாகவே கேட்கிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ஞானப்பாட்டு தமிழ்ச் சொல்லுக்கு இடர் செய்தது; ஆயினும் யாவரையும் பாடவைத்தது. கீர்த்தனை தமிழின் இசைவளத்தைக் கொணர்ந்தது. ஆயினும் அதன் தொடக்கக் காலக் காவலர் சாதியிருக்கையையும் உடன் காத்தனர். மதுரைத் தொகுப்பு பாடலை அக்காவலிலிருந்து விடுவித்துப் பொதுமையாக்கியது. பாடகர் குழு பெண்களுக்கும் இளையோருக்கும் அரங்கு தந்தது. அதே வேளையில் சபையின் ஒரு பகுதியைக் கேட்போராக்கியது. நாட்டுப்புற வழிபாட்டிசை அவ்வாறு கேட்டிருந்தோருக்குப் பாடும் உரிமையைக் கோரியது. மண்ணிசை எனின் விடுதலை என்றோ, அயலிசை எனின் அடிமை என்றோ பொதுவாகச் சொல்லிவிட இவ்வரலாறு இடந்தரவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் எவர் வாய் திறந்தது, எவர் வாய் மூடியது என்பதே அளவுகோலாதல் வேண்டும்.

இத்துறையில் செய்யத்தக்க பணிகள் பலவுண்டு. கீர்த்தனைத் தொகுப்பின் பல்வேறு பதிப்புகளையும் ஒப்பிட்டு, சேர்ந்த பாடல்களையும் நீங்கிய பாடல்களையும் காலவரிசைப்படுத்துதல் வேண்டும். நூல்களில் அச்சாகியுள்ள இராகக் குறிப்புக்கும் சபையில் இன்று பாடப்படும் மெட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கள ஆய்வால் பதிவுசெய்தல் வேண்டும். ஊர்ப்புறச் சபைகளில் ஏட்டின் துணையின்றிப் பாடும் முதியோர் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர். அவர்கள் பாடும் முறையோடு, அந்நாளில் ஆலயத்தில் அவர்கள் எங்கு அமர்ந்திருந்தனர், குழுவில் இடம்பெற்றனரா என்பதையும் கேட்டெழுதுதல் இன்றியமையாதது. பாடலையும் இருக்கையையும் சேர்த்துப் பதிவுசெய்யும் ஆய்வே இவ்வரலாற்றை நிறைவு செய்யும்.